புரட்டு

ஒரே தாள். மூன்று மடிப்பு, நடுவில் ஒரு வெட்டு,
எட்டுப் பக்கம். ஸ்டேப்ளர் ஊசிகூட வேண்டாம்.
ஜனவரி முழுக்கக் கௌனஸ் நகரத்து வேலிகளில்
யாரோ தவறவிட்டு, வேறு யாரோ எடுத்துச்
செருகிவைத்துப்போன கையுறைகளை
வரைந்துகொண்டு திரிந்தேன்.

கம்பி நுனியில் ஐந்து விரலும் விரித்து ஒன்று,
விடை தெரிந்துவிட்ட பையனைப் போல.
பனி நிரம்பிக் கனத்துத் தொங்கும் ஒன்று.
மருந்துக்கடை வாசலில் ஒரு குழந்தையுடையது,
கட்டைவிரல் நூல் பிரிந்து.

லினோலியத்தில் செதுக்கி
சமையல் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுத்தேன்.
அறுபது என்று கணக்கு.
நாற்பத்தொன்றில் கறுப்பு மை தீர்ந்தது.
மிச்சத்துக்கு நீலம்.
நீலத்தில் ஆறாம் பக்கத்தை நேராக அடித்துவிட்டேன்,
அதனால் மடித்ததும் அது தலைகீழ்.
"சிறப்புப் பதிப்பு என்று எழுது,
ஐம்பது சென்ட் கூட்டு" என்றாள் உக்னே.

பழைய ரேடியோத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடம்.
மேசைக்குப் பன்னிரண்டு யூரோ.
இடப்பக்கம் உக்னே:
டிராலிபஸ் ஓட்டுநர்களின் பிளாஸ்க்குகள், இருபத்திரண்டு உருவப்படம்.
வலப்பக்கம் ரீகாவிலிருந்து வந்த இந்துலிஸ்:
ஒரே ஒரு பல்வலி, முப்பத்திரண்டு பக்கம்.
ஒரு பல்வலிக்கு இரண்டு கையுறை.
ஒரு பிளாஸ்க்குக்கு ஒரு கையுறையும் பாதி சாண்ட்விச்சும்.
மதியம்வரை எங்கள் செல்வம்
எங்கள் மூன்று மேசைகளையே சுற்றி வந்தது.

மூன்று மணிக்கு ஒருவர், தொப்பியில் பனியோடு.
பல் மருத்துவரின் காத்திருப்பறையில்
நான் விட்டுவந்த நீலப் பிரதி அவர் கையில்.
ஆறாம் பக்கத்தைப் பிரித்து, திருப்பிப் பிடித்து,
"இது என்னுடையது" என்றார்.
புறங்கையில் எட்டுமுனை நட்சத்திரம்,
அதில் ஒரு முனை குட்டை.
கோட்டுப் பையிலிருந்து ஜோடியை எடுத்து
மேசையில் வைத்தார். அதே நட்சத்திரம், அதே குட்டை முனை.
மூன்று பேரும் குனிந்தோம்.
அவரிடம் இருந்தது இடக்கை.
படத்தில் இருந்ததும் இடக்கை.

"ஓ. அப்படியானால் இல்லை."
பையில் திரும்பப் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவர் வாசலை எட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.
அச்சு புரட்டிப் போடும்.
முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது.
எழுத்துகளை ஒழுங்காகத் திருப்பிச் செதுக்கியவள்
படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.
நாற்பத்தொன்று கறுப்பிலும் பத்தொன்பது நீலத்திலும்
ஊரின் வலக்கைகள் எல்லாம் இடக்கைகள்.

கையில் அகப்பட்ட ஒரு பிரதியோடு ஓடினேன்.
படிக்கட்டில் நிறுத்திச் சொன்னேன்.
அவருக்கு நேரம் பிடித்தது.
இருட்டிவிட்ட ஜன்னல் கண்ணாடி முன் தன் கையைத் தூக்கி
எதிரில் தூக்கிய கையைப் பார்த்தார்.
"எந்த வேலி?"
"அவுஷ்ரோஸ் தெரு, பச்சைக் கதவு, நாய் ஜாக்கிரதைப் பலகை.
ஆனால் நேற்றுப் பார்த்தேன்,
கம்பிதான் இருக்கிறது."

கொஞ்சம் நின்றார்.
"மாற்றிக்கொள்ள என்னிடம் இதழ் எதுவும் இல்லையே"
என்று சொல்லி இடக்கையுறையை என்னிடம் தந்துவிட்டு
கறுப்புப் பிரதியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.
பெயர் கேட்கவில்லை. ஆறாம் பக்கம்
இதில் நேராக இருக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

எனக்குப் பெரியது. விரல் நுனிகள் காலி.
ஆனால் உளி வழுக்கினால் குத்துவது எப்போதும்
பலகையைப் பிடித்திருக்கும் கையைத்தான்;
இரண்டு தழும்பு இருக்கிறது அங்கே.
அதை மாட்டிக்கொண்டு அடுத்ததைச் செதுக்குகிறேன்:
டிராலிபஸ்ஸில் மறந்துபோன குடைகள்.
குடைக்கு ஏது இடம் வலம் என்கிறாள் உக்னே.
இருந்தாலும்
கைப்பிடி எந்தப் பக்கம் வளைகிறது என்று
கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.